வாளியக்கா பெரிய கோப்பைக்குப் போகிறாள்

வாளியக்கா லீவு கேட்கவில்லை. லீவு என்று சொன்னாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாஸ்டருக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

"மாஸ்டர், பெரிய கோப்பை ரேஸுக்கு நான் போறேன். அந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் இருக்க மாட்டேன்."

மாஸ்டர் என்று லாயத்தில் எல்லாரும் கூப்பிடுவது குதிரைகளைப் பழக்கும் ட்ரெய்னரை. அவர் அப்போது ஒரு குதிரையின் முன்னங்காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"ராங்கியைக் கூட்டிக்கிட்டு மீசைக்காரர் போறார். அது போன மாசமே முடிவான விஷயம்."

"அவர் போகட்டும், நான் வேண்டாங்கலையே. நான் டிக்கெட் வாங்கிட்டேன். ஜனத்தோட ஜனமா நின்னு பாத்துட்டு வரப்போறேன்."

மாஸ்டர் சிரித்துவிட்டு அடுத்த காலைத் தூக்கினார். அவள் ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

தமாஷ் என்று நினைத்ததிலும் தப்பில்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு சனிக்கிழமை நடக்கிற பந்தயம் அது. ஓடி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகாது. அந்த மூன்று நிமிடத்துக்காகக் கடைகளை அடைத்துவிட்டு ஆட்கள் டிவி முன்னால் உட்காருவார்கள். வசதி உள்ளவர்கள் தொப்பியும் கோட்டுமாக நேரிலேயே போய்விடுவார்கள். அந்தக் கூட்டத்தில் குதிரை லத்தி அள்ளுகிற பெண்பிள்ளை ஒருத்தி டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்பாள் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

அவளுக்கு வாளியக்கா என்று பேர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. கையில் வாளி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இருபத்தேழு வயதில் கொட்டடி கூட்டும் வேலைக்கு வந்தவள், இப்போது நாற்பத்தாறு. கூட்ட வந்தவள் மூன்றே வருஷத்தில் குதிரைக்காரி ஆகிவிட்டாள். அப்போதிருந்த ஒரு முரட்டுக் குதிரை ஆண்பிள்ளைகள் மூன்று பேரை வரிசையாக உதைத்துத் தள்ளிவிட்டு இவள் கையில் மட்டும் தின்றது. வேறு வழியில்லாமல் கொடுத்த பதவி அது. மாஸ்டர் அதைச் சொல்லிக் காட்டாத வருஷம் இல்லை.

இப்போது அவள் பொறுப்பில் ஐந்து குதிரைகள். விடிவதற்கு முன்பே வந்து ஐந்துக்கும் உடம்புச் சூடு பார்க்க வேண்டும். தொட்டியில் மிச்சம் கிடக்கும் ஓட்ஸைப் பார்த்து எது ராத்திரி சரியாகத் தின்னவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். குளம்பில் ஒட்டிய மண்ணைக் கொக்கியால் நோண்டி எடுக்க வேண்டும். ஓடிவிட்டு வந்தால் வியர்வையை வழித்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும். கடைசியாகப் பிரஷ். ஒரு குதிரைக்கு முக்கால் மணி நேரம், தினமும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. குதிரையின் தோலில் தெரிகிற அந்தப் பளபளப்பு பந்தயத்தன்று காலையில் தேய்த்து வருவதல்ல. மாதக்கணக்கில் தோள்பட்டை வலிக்க வலிக்கத் தேய்த்தால்தான் வரும்.

அவள் குதிரைகளில் நாலு பெரிய கோப்பைக்குப் போய் ஓடியிருக்கின்றன. அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அந்த ஊரில் குதிரைக்காரர்கள் தங்குவதற்கு ஒரே ஒரு கூடம்தான் இருக்கிறதாம். பதினாறு கட்டில், கோடியில் ஒரு குளியலறை, அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. பெண்பிள்ளை எப்படித் தங்குவாள்? ஐந்து தடவை கேட்டாள், ஐந்து தடவையும் தாழ்ப்பாள் இல்லை என்றே பதில் வந்தது. "தாழ்ப்பாள் வாங்க வக்கில்லாத ஊர்லதான் கோப்பையை வெள்ளியில செய்யறாங்களா?" என்று கடைசித் தடவை கேட்டுவிட்டாள். மாஸ்டர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அதனால் ஒவ்வொரு முறையும் போனது மீசைக்காரர். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள். எந்தக் குதிரையைச் சிறப்பாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதைப் பிடித்து நடத்துகிறவருக்கு ஒரு பட்டயம் கொடுப்பார்கள். மீசைக்காரருக்கு இரண்டு பட்டயம் கிடைத்திருக்கிறது. இரண்டும் வாளியக்கா தேய்த்த குதிரைகளுக்கு. சேணம் மாட்டும் அறையில் ஆணியடித்துத் தொங்குகின்றன, நடுவில் மீசையோடு ஒரு போட்டோ. அவள் தினமும் கடிவாளம் எடுக்க அந்த அறைக்குள் போகத்தான் வேண்டும். எடுத்துக்கொண்டு வரும்போது அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள்.

இந்த வருஷம் போவது ராங்கி. பந்தயப் புத்தகத்தில் அவளுக்கு நீளமாக ஒரு பேர் உண்டு, முதலாளியின் மனைவி வைத்தது. லாயத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வந்த முதல் வாரமே இரண்டு பேரைக் கடித்து, ஒருவரின் தொப்பியைத் தின்று, ராங்கிக்காரி என்று பேரெடுத்தவள் அவள். மூன்று வருஷமாக வாளியக்காவின் கையில் வளர்ந்தவள். அவள் ஓடுவதை டிவியில் அல்ல, நேரில்தான் பார்ப்பது என்று வாளியக்கா முடிவு செய்துவிட்டாள்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னபோது ஒரே ரகளை.

அண்ணன் வரி அலுவலகத்தில் எழுத்தர். ரேஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் ரகம். தங்கை குதிரை லாயத்தில் வேலை செய்வதை அக்கம்பக்கத்தில் 'மிருக ஆஸ்பத்திரி' என்று சொல்லி வைத்திருந்தார்.

"ரேஸுக்குப் போற பொம்பளைன்னு பேர் வரும், தெரியுதா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நான் பத்தொம்பது வருஷமா ரேஸுக்குத்தாண்ணா போயிட்டிருக்கேன். விடியறதுக்கு முன்னாடி போறதால உன் நாலு பேர் கண்ணுல படலை."

"அது வேலை. இது சூதாட்டம்."

"நான் ஒத்தைப் பைசா கட்டப் போறதில்ல. என் குதிரை ஓடுது, நான் பாக்கணும்."

"உன் குதிரையா? யாரோ பணக்காரன் குதிரை!"

அது வாளியக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது உண்மைதான். அப்புறம் சொன்னாள், "அவன் பேர் எழுதியிருக்கற காகிதத்துல அவன் குதிரை. அவளுக்கு வயித்து வலி வந்து ராத்திரி பூரா நடக்க வெச்சப்போ அவன் எங்க இருந்தான்? கேட்டுச் சொல்லு."

அண்ணன் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் தோற்றுப்போனால் செய்வது அது. அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். புருஷனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசாதவள் என்று பேர் வாங்கியவள். மறுநாள் காலை வாளியக்கா செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து, தன்னுடைய நல்ல ஷூவை ஒரு பையில் போட்டுக் கையில் திணித்தாள். "போயிட்டு வா. வந்து எல்லாத்தையும் எனக்குச் சொல்லணும், ஒண்ணு விடாம" என்றாள்.

டிக்கெட் நிஜமாகவே வாங்கியிருக்கிறாள் என்று மாஸ்டருக்குத் தெரிய வந்த அன்று லாயத்தில் இடி இறங்கியது.

"உன் அஞ்சு குதிரையில ஒண்ணு போச்சுன்னா நாலு இருக்கே, அதுங்களுக்கு யார் தீனி வெக்கறது?"

"எல்லார்கிட்டயும் பேசிட்டேன். ஆளுக்கு ஒண்ணு பாத்துக்கறாங்க. அவங்க வீட்டுக் கல்யாணம், பிரசவம், பல்வலி எல்லாத்துக்கும் நான் பாத்திருக்கேன். பத்தொம்பது வருஷத்துல இப்பதான் திருப்பிக் கேக்கறேன்."

மாஸ்டர் எல்லாரையும் முற்றத்தில் நிற்க வைத்தார். இவளுக்குப் பதிலாக யாரும் வேலை செய்யக் கூடாது, செய்தால் அவர்களும் வீட்டுக்குப் போகலாம் என்றார். இவள் பக்கம் திரும்பி, "நீ போறதுன்னா போ. போனா திரும்பி வராதே" என்றார்.

எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  இந்த வேலையை விட்டால் வாளியக்காவுக்கு வேறு வேலை தெரியாது. குதிரை இல்லாத ஒரு காலைப்பொழுதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த வாளியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி மாஸ்டர், கேட்டுக்கிட்டேன்" என்றாள். போக மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் குதிரைக்காரர்களில் வயதில் மூத்தவர் அவளைப் பிடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்காக யாரும் செய்யக் கூடாதுன்னு உத்தரவு. உனக்காகச் செய்ய மாட்டோம். குதிரைங்களுக்குச் செய்யக் கூடாதுன்னு அவர் சொல்லலை. நீ டிக்கெட்டைப் பத்திரமா வெச்சுக்கோ."

வாளியக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் வெட்கப்பட்டு ஓடியே போய்விட்டார்.

அதற்கடுத்து வந்தது லாரிக்காரர். குதிரைகளை ஏற்றிப் போகிற லாரி அவருடையது. மாஸ்டருக்குச் சம்பள ஆள் இல்லை என்பதால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அவருக்கு ஒரு ரகசியம் தெரியும்.

ராங்கி லாரியில் ஏற மாட்டாள். குட்டியாக இருந்தபோது ஏறுகிற சாய்பலகை காலடியில் சரிந்துவிட்டது. அன்றிலிருந்து பலகையைக் கண்டாலே பின்னங்காலில் உட்கார்ந்துவிடுவாள். கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், ஓட்ஸ் காட்டிப் பார்த்தார்கள், பின்னாலிருந்து நாலு பேர் தள்ளிப் பார்த்தார்கள். ஒரு மழை நாளில் இடிக்குப் பயந்து ராங்கி பின்னாலேயே நடந்துபோய், தன்னையறியாமல் பலகையில் ஏறிவிட்டாள். அதை வாளியக்கா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை கண்ணில் படாவிட்டால் பயமில்லை. அப்புறமென்ன, ராங்கியின் பின்பக்கத்தைப் பலகைக்குக் காட்டி நிறுத்தி, எதிரே நின்று நெஞ்சில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்துவாள். ராங்கி ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி லாரிக்குள் போய்விடுவாள். அந்த நேரம் பேசக் கூடாது, அவள் கண்ணைப் பார்க்கக் கூடாது. உள்ளூர்ப் பந்தயங்களுக்குப் போகவும் வரவும் இப்படி ஏற்றுவது வாளியக்காதான். எப்படி ஏற்றுகிறாள் என்று மாஸ்டர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஏறிவிட்டதா என்பதுதான் அவர் கேள்வி.

"இங்க பாரு" என்றார் லாரிக்காரர். "திங்கக்கிழமை லாரி கிளம்பற நேரத்துல நீ எங்கயாவது போய் உக்காந்துக்கோ. அவங்க மூணு மணி நேரம் மல்லுக்கட்டட்டும். மாஸ்டரே உன்னைத் தேடி வருவார். தாழ்ப்பாளாவது ஒண்ணாவது, தங்கறதுக்கு ரூமே போட்டுக் குடுப்பார். ராங்கியோட நீயே போகலாம்."

பேராசை யாரை விட்டது? வாளியக்கா அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வட்டத்தில் ராங்கியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானே நடக்கிற மாதிரி நினைத்துப் பார்த்தாள். மாஸ்டர் வந்து கெஞ்சுகிற மாதிரியும் நினைத்துப் பார்த்தாள். இரண்டாவதுதான் கூடுதல் இனிப்பாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

மறுநாள் காலை பிரஷ் போடும்போது ராங்கியின் பின்னங்கால் முட்டியில் இருந்த பழைய தழும்பு கையில் தட்டியது. முன்பு கயிறு கட்டி இழுத்த நாளில் பலகை விளிம்பில் கிழித்துக்கொண்டது அது. ஆறாக ஆறு வாரம் ஆயிற்று. அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டு நேரே மீசைக்காரரிடம் போனாள்.

"அண்ணா, ராங்கியை லாரியில ஏத்தத் தெரியுமா உங்களுக்கு?"

"நான் ஏத்தாத குதிரையா? எத்தனை கோப்பைக்குப் போயிருக்கேன்! பட்டயம் பாத்திருக்கியா?"

"தினமும் பாக்கறேன். வாங்க, ஏத்திக் காட்டுங்க."

மீசைக்காரர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ராங்கி உட்கார்ந்தாள். அவர் செல்லம் கொஞ்சினார். ராங்கி காதைப் பின்னால் மடக்கினாள். அவர் அதட்டினார். ராங்கி அவர் தோளைக் கவ்வினாள், நல்லவேளையாகச் சட்டைதான் கிழிந்தது. வாளியக்கா கயிற்றை வாங்கி, குதிரையைத் திருப்பி நிறுத்தி, இரண்டு விரலை வைத்தாள். தாழ்ப்பாள் போடுகிற நேரத்துக்குள் ராங்கி லாரிக்குள் இருந்தாள்.

மீசைக்காரருக்கு வாய் அடைத்துப்போயிற்று. அவருக்கு அது அடிக்கடி நடப்பதல்ல. "இதை ஏன் எனக்குச் சொல்லிக் குடுக்கறே?" என்று கேட்டார். குரலில் சந்தேகம்.

"அங்கேருந்து திரும்பி வரும்போது நீங்கதானே ஏத்தணும். இழுத்தீங்கன்னா காலைக் கிழிச்சுக்குவா."

"சொல்லாம இருந்திருந்தா உன்னையே கூட்டிட்டுப் போயிருப்பாங்களே!"

"போயிருப்பாங்க. இவ இல்லாம முடியாதுன்னு கூட்டிட்டுப் போவாங்க. வேற யாராவது கத்துக்கிட்ட அன்னிக்கு, இவ வேண்டாம்னு விட்டுட்டுப் போவாங்க. எனக்கு அந்தப் பொழைப்பு வேண்டாம். நான் என் காசுல போய் என் கண்ணால பாக்கறேன். இப்ப வாயை மூடிக்கிட்டு விரலை வைங்க. பேசினீங்கன்னா ஏற மாட்டா."

வாயை மூடுவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. எட்டுத் தடவை முயன்று, ஒன்பதாவது தடவை ஏற்றினார்.

லாரிக்காரர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிழைக்கத் தெரியாதவள் என்று லாயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாளியக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்னதாக, திங்கட்கிழமை, ராங்கி கிளம்பினாள். மீசைக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு விரலை வைத்தார். ராங்கி ஒரு முனகல்கூட இல்லாமல் பின்னால் நடந்து ஏறிவிட்டாள். வாளியக்கா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படித்தான் ஏற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவளே இவள்தான். ஆனாலும் அவள் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றாள்.

மாஸ்டர் அங்கேயும் வந்தார். "பாத்தியா? நீ இல்லாமலே ஏறிட்டா."

"ஏறணும்னுதான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்புறம் நீ அங்க போய் என்ன பண்ணப் போறே?"

"நீங்க என்ன பண்ணப் போறீங்க? ஓடப்போறது அவ. நீங்களும் பாக்கத்தான் போறீங்க. நானும் பாக்கத்தான் போறேன்."

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல வந்தாள். நாலு குதிரைக்கும் தீனி, தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் அந்தந்தக் கதவில் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதினாள். அண்ணியின் ஷூவை மாட்டிக்கொண்டு ரயிலேறினாள். பன்னிரண்டு மணி நேரப் பயணம். வேலை போயிருக்கும் என்ற எண்ணம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு தடவைகூட அவள் நினைக்கவில்லை.

பந்தய மைதானத்து வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் அவள் கைகளைப் பார்த்தார். கயிறு அறுத்த உள்ளங்கை, கறுத்த நகம், எத்தனை சோப்பு போட்டாலும் போகாத லாயத்து வாசனை.

"எந்த ஓனரோட ஆளு நீங்க? வேலைக்காரங்களுக்குப் பின்பக்க வாசல்."

"நான் எந்த ஓனரோட ஆளும் இல்ல. நான் என்னோட ஆளு. டிக்கெட்டைக் கிழிங்க."

அவர் கிழித்தார்.

குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தின் கம்பி ஓரமாக, தொப்பிகளுக்கு நடுவில் முண்டியடித்து இடம் பிடித்துவிட்டாள். ராங்கி வந்தாள். வெயிலில் அவள் உடம்பு மின்னியது. மூன்று வருஷத்து முக்கால் மணி நேரங்களும் அந்தத் தோலில் இருந்தன. பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி, "அடேயப்பா, அந்தக் குதிரையைப் பாருங்களேன்!" என்று யாரிடமோ சொன்னாள். வாளியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மீசைக்காரர் இவளைப் பார்த்துவிட்டு விறைப்பாக நிமிர்ந்து நடந்தார். பட்டயம் என்னவோ ஒரு வெள்ளைக் குதிரையை நடத்தி வந்தவருக்குப் போய்விட்டது. அதன் வாலைச் சீவியிருந்த அழகைப் பார்த்தபோது நியாயம்தான் என்று இவளுக்கே பட்டது. மீசைக்காரருக்குக் கிடைக்காததில் கொஞ்சம் சந்தோஷமும் பட்டாள்.

பதினாலு குதிரைகள் ஓடின. டிவியில் தெரியாத ஒன்று அங்கே இருந்தது. தரை அதிர்ந்தது, அதிர்ச்சி கம்பி வழியாக ஏறி அவள் கைக்கு வந்தது. கூட்டம் முழுக்க முன்னால் ஓடுகிற குதிரையைப் பார்த்துக் கத்தியது. அவள் ராங்கியின் கால்களை மட்டும் பார்த்தாள். கடைசித் திருப்பத்தில் நாலாவதாக இருந்தவள் இரண்டு குதிரைகளை முன்னே விட்டு ஆறாவதாக வந்து முடித்தாள். வேகம் குறைந்து துள்ளலுக்கு வந்து, துள்ளலிலிருந்து நடைக்கு வந்தாள். நாலு காலும் ஒரே சீராக ஊன்றின. எதுவும் இழுக்கவில்லை, எதுவும் நொண்டவில்லை.

"நாலும் நல்லா இருக்கு! நாலும் நல்லா இருக்கு!" என்று வாளியக்கா கத்தினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர் தன் பந்தயச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆறாவதா வந்த குதிரைதானே உங்களுது? எவ்வளவு போட்டிருந்தீங்கம்மா?"

"மூணு வருஷம்" என்றாள் வாளியக்கா. அவருக்கு விளங்கவில்லை. நகர்ந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரயில். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு லாயத்து வாசலில் நின்றாள். கேட் பூட்டியிருந்தது.

காவலாளி சங்கடத்தோடு கம்பிக்கு அந்தப் பக்கம் வந்தார். "தப்பா நினைக்காதேக்கா. மாஸ்டர் நேத்தே ப்ளேன்ல வந்துட்டார். உன்னை உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு."

"நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றாள். ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்த பழைய வாளி ஒன்றை இழுத்து, கேட்டுக்கு நேர் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நன்றாக விடிந்த பிறகு லாரி வந்தது. இரவெல்லாம் ஓட்டிய களைப்பிலும் லாரிக்காரருக்கு விஷயம் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவே இல்லை. உள்ளே குதிரைகள் எல்லாம் கத்த ஆரம்பித்தன. காவலாளி என்ன செய்வார்? முதலாளியின் குதிரையை வெளியே நிறுத்தி வைக்க முடியுமா? கேட்டைத் திறந்தார். வாளியக்கா எழுந்து, லாரியின் பக்கவாட்டில் கை வைத்தபடி, கூடவே நடந்து உள்ளே போனாள்.

முற்றத்தில் மாஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றார். லாரிக் கதவு இறங்கியது. மீசைக்காரர் ராங்கியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மாஸ்டரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். அதிசயமாக ஒரு வார்த்தையும் பேசாமல் கயிற்றை நீட்டினார். வாளியக்கா வாங்கிக்கொண்டாள்.

"நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?" என்றார் மாஸ்டர்.

"போனா திரும்பி வராதேன்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"போனேன், வந்துட்டேன்." ராங்கியின் கழுத்தில் கை வைத்தாள். "அனுப்பணும்னா அனுப்புங்க மாஸ்டர். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டு அனுப்புங்க. என் குதிரை ஓடறதைப் பாத்தேன்னு சொல்லுங்க."

கொட்டடிகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். இந்தத் தடவை யாரும் தரையைப் பார்க்கவில்லை. மாஸ்டர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

ராங்கி பன்னிரண்டு மணி நேரம் லாரியில் நின்ற காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். வாளியக்கா குனிந்து நாலு காலையும் வரிசையாகத் தொட்டுச் சூடு பார்த்தாள். பிறகு கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மாஸ்டரைத் தாண்டி நடந்தாள். இரண்டு எட்டு போனதும் நின்று திரும்பினாள்.

"அடுத்த வருஷமும் போவேன் மாஸ்டர். கடைசி நேரத்துல சொன்னேன்னு பேச்சு வேண்டாம். இப்பவே சொல்லிட்டேன்."

ராங்கிக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.